மாட்டை அவிழ்த்துவிட்டு ஜீப்பை நிறுத்தியது

பெரியவளே, தம்பி, சின்னவளே, மூன்று பேரும் ஒன்றாக இருக்கிற ஒரு நாளில் இதை எடுத்துப் படியுங்கள். பெரியவள் படிக்கட்டும், அவளுக்குத்தான் என் கையெழுத்துப் பழக்கம். எட்டாவதோடு நின்றவன் எழுதியது. எழுத்து முன்னே பின்னே இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது சின்னவள் என்னைக் கேட்டாள். "ஏன் நைனா, நான் கைக்கொழந்தையா இருக்கசொல்ல அம்மா என்னை வுட்டுட்டு மெட்ராசுக்குப் பூட்டாங்களாமே. அப்படி இன்னா வேலை அவங்களுக்கு அங்க?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நோவு வந்துச்சு, போனா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விட்டேன். அதற்கு மேல் சொல்லக்கூடாது என்பது உங்கள் அம்மா போட்ட கட்டளை. "பொண்ணுங்களுக்கு ஒரு வழி ஆவட்டும். அதுக்கு முந்தி வெளிய தெரிஞ்சா, தாயிக்கு வந்தது மவளுக்கும் வரும்னு எவனும் பொண்ணு கேட்டு வரமாட்டான்" என்பாள். இப்போது உங்கள் மூன்று பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. கட்டளை போட்டவளும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்போது நாம் ஆற்றோரத்து வீட்டில் இருந்தோம். செய்யாற்றுக்கு அந்தப் பக்கம் மாகறல், இந்தப் பக்கம் நாம். பெரியவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். தம்பி போகமாட்டேன் என்று புளியமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுகிற வயது. சின்னவள் நடக்க ஆரம்பித்தும் பாலை விடவில்லை. கழனி வேலைக்கு நடுவில் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவது உங்கள் அம்மாவுக்குப் பெரும்பாடாக இருந்ததால், அந்தப் பங்குனியில் பாலை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தாள்.

நிறுத்துவது என்றால் இப்போது மாத்திரை தருகிறார்கள். அப்போது வேப்பிலையை அரைத்துக் காம்பில் தடவுவார்கள். குழந்தை வாயை வைத்துவிட்டு முகத்தைச் சுளிக்கும். பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ வைக்கவேண்டும். கிணற்றடியில் நம் செடிகள் அந்த மாதம் கொத்துக் கொத்தாகப் பூத்தன. நான்தான் விடியற்காலையில் பறித்து வருவேன். வீடு முழுக்க மல்லிகை வாசனை. ஆனால் உங்கள் அம்மா தலையில் ஒரு பூ இருக்காது. எல்லாம் அங்கே போய்விடும்.

ஒரு வாரத்தில் வலது பக்கம் வற்றிவிட்டது. இடது பக்கத்தில் அடியில் ஒரு கட்டி நின்றது. புளியங்கொட்டை அளவு இருக்கும், கெட்டியாக இருக்கும், வலி இல்லை. இதையெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை. "இன்னும் நாலு நாளைக்குப் பூ வேணும்" என்றாள். நாலு நாள் கழித்தும் "இன்னும் கொஞ்சம் வேணும்" என்றாள். கோடி வீட்டு அண்ணி, என் பெரியப்பா மகனின் பெண்சாதி, அவள்தான் வரப்பில் என்னை நிறுத்திச் சொன்னாள்.

"உன் பொண்டாட்டிக்குப் பால் கட்டிக்கினு கீதுப்பா. நல்லா சூடா ஒத்தடம் குடுக்கச் சொல்லிக் கீறேன். பூவ நிறுத்தாத."

"வலிக்குதா அண்ணி?"

"வலியே இல்லியாம். அதான் பயம் இல்ல."

வலி இல்லை என்பதால் பயமும் இல்லை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நான் தொடர்ந்து பூப் பறித்தேன்.

இந்த இடத்தில் உங்கள் அம்மாவின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். புருஷன் பெயரை அவள் வாயால் சொல்லமாட்டாள். அது எல்லாப் பெண்களும்தான். ஆனால் மற்ற பெண்கள் "இன்னாங்க" என்பார்கள், "தோ பாருங்க" என்பார்கள். கழனியில் தூரத்தில் நிற்கிறவனுக்கு "இன்னாங்க" எப்படிக் கேட்கும்? கூழ் கொண்டுவந்து வரப்பில் நின்றுகொண்டு அவள் நம் செவலைக் காளையைக் கூப்பிடுவாள். "ஏ செவலோய்..." என்று இழுத்து. காளையும் தலையைத் தூக்கும், நானும் தூக்குவேன். பக்கத்துக் கழனிக்காரர்கள், "யாருக்குடா கூழு, உனக்கா மாட்டுக்கா" என்று கேலி செய்வார்கள்.

ஜீப் வந்த நாளைச் சொல்கிறேன்.

அதற்குச் சில வருஷங்கள் முன்னால் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஜீப் சத்தம் கேட்டால் ஆம்பிளை, பொம்பளை எல்லாரும் கரும்புக்குள்ளும் சவுக்குத் தோப்புக்குள்ளும் பாய்ந்துவிடுவோம். நானும் பாய்ந்தவன்தான், கரும்புச் சோகை கிழித்த தழும்பு இப்போதும் முழங்கையில் இருக்கிறது. பிறகு அந்தக் கெடுபிடி போய்விட்டது. ஆனால் ஓடிப் பழகிய கால் ஜீப் சத்தத்துக்குத் தானாகவே ஓடும்.

அன்றைக்கு நான் அக்கரையில் வைக்கோலை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு ஆற்று மணலில் வந்துகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் ஒரு ஜீப் வந்து மணலில் புதைந்து நின்றது. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். அந்தச் சத்தம் ஊருக்குப் போய்விட்டது. கரைமேல் ஆட்கள் ஓடுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. எனக்கும் ஓடவேண்டும் போலத்தான் இருந்தது. மாட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது?

ஜீப்பில் கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா, சின்ன வயது. குடை வைத்திருந்த பருமனான ஒரு நர்ஸம்மா. டிரைவர். நர்ஸம்மா இறங்கி வந்தார்.

"ஏம்பா, அங்க எல்லாரும் இன்னாத்துக்கு ஓடிக்கினு கீறாங்க?"

"ஆபரேஷன்காரங்கன்னு நெனச்சிக்கினாங்க."

"நீ ஏன் ஓடல?"

"மாடு பூட்டிக்கினு கீதுங்க."

டாக்டரம்மா ஜீப்புக்குள்ளிருந்து சிரித்துவிட்டார். இறங்கி மணலில் நடந்து வந்து என்னிடம் பொறுமையாகச் சொன்னார். "நாங்க அதுக்கு வரலைங்க. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில இருந்து வர்றோம். பெண்களுக்கு மார்புல கட்டி ஏதாவது இருக்கான்னு கையால தடவிப் பார்ப்போம், அவ்வளவுதான். கத்தி கிடையாது, ஊசி கிடையாது. வலி இருக்கிற கட்டின்னா அவங்களே வந்துடுவாங்க. வலியே இல்லாத கட்டி இருக்கு பாருங்க, அதைத்தான் நாங்க தேடிக்கிட்டு வர்றோம். ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சா ஆளைக் காப்பாத்திடலாம்."

நான் அப்போது தாம்புக்கயிற்றை ஜீப்பில் கட்டிக்கொண்டிருந்தேன். முடிச்சைப் போட்டேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. டிரைவர்தான் மறுபடி போட்டான்.

செவலையும் அதன் ஜோடி மயிலைக் காளையும் ஜீப்பை இழுத்துக் கரையேற்றின. பள்ளிக்கூடத்து அறை ஒன்றில் ஜன்னலுக்கு ஜன்னல் புடவையைக் கட்டி மறைத்தார்கள். பெஞ்சுமேல் ஜமக்காளம் விரித்தார்கள். ஆனால் வர ஒருத்தியும் இல்லை. நான் சவுக்குத் தோப்புக்குப் போய் வெளியில் நின்றே கத்தினேன், ஆபரேஷன் இல்லை, பொம்பளை டாக்டர்தான், தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று. தோப்புக்குள் முணுமுணுப்புக் கேட்டது. யாரும் அசையவில்லை. கடைசியில் கோடி வீட்டு அண்ணிதான் முந்தானையை உதறிக்கொண்டு வெளியே வந்தாள்.

"எனக்கு இனிமே இன்னாத்த அறுப்பானுங்க? பேரன் எடுத்தாச்சு. நான் போய்ப் பாத்துட்டு வரேன். திரும்பி வரலன்னா என் கோழிங்கள யாராச்சும் அடைச்சு வையுங்க."

போனாள். சீக்கிரமே திரும்பி வந்தாள். தோப்பைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா பண்ணாங்க?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

"ஒன்னியும் பண்ணல. என் வூட்டுக்காரன் கூட இத்தினி மரியாதையா என்கிட்ட பேசினது இல்ல. கைய சோப்பு போட்டுக் கழுவிக்கினு வந்து, வாங்கம்மா உக்காருங்கம்மான்னு கூப்புடறாங்க. போங்கடி போங்க."

தோப்பு சிரித்தது. ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் வரிசை நின்றது. போய்விட்டு வந்தவள் போகாதவளைக் கிண்டல் செய்வதும், உள்ளே கற்றுக்கொடுத்ததைச் சேலைக்குமேலே காட்டிக்கொடுப்பதுமாகத் திருவிழாபோல இருந்தது. மூன்று விரலைச் சேர்த்து வட்டம் வட்டமாக எப்படித் தடவிப் பார்க்கவேண்டும், குளிக்கும்போது மாதம் ஒரு தடவை பார்க்கவேண்டும், அக்குளிலும் பார்க்கவேண்டும் என்றெல்லாம் பேசிக்கொண்டு போனார்கள்.

அந்த வரிசையில் உங்கள் அம்மா இல்லை. அவள் இன்னும் தோப்பை விட்டு வெளியே வரவில்லை. அண்ணியை அனுப்பினேன். அவள் தோப்புக்குள் போய்ப் பேசிவிட்டுத் தனியாக வந்தாள்.

"வரமாட்டாளாம்பா. பால் கட்டினத போய் டாக்டரு கிட்ட காட்டினா சிரிப்பாங்களாம். சொம்மா பேஜார் பண்ணாத, அவளே வருவா."

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வரிசை முடிந்துவிட்டது. டிரைவர் புடவைகளை அவிழ்த்து மடிக்க ஆரம்பித்துவிட்டான். "யோவ், மாட்டை ஜீப்புல பூட்டுய்யா. வெளிச்சம் இருக்கசொல்லவே மணலைத் தாண்டிடணும்" என்றான்.

அப்போதுதான் எனக்குப் புத்தியில் பட்டது. என் மாடு இல்லாமல் இந்த ஜீப் ஆற்றைத் தாண்ட முடியாது.

பூட்டாங்கயிற்றை அவிழ்த்தேன். நுகத்தை இறக்கினேன். இரண்டு மாட்டின் கயிற்றையும் கழுத்திலேயே சுற்றிவிட்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். அவை சவுக்குத் தோப்புப் பக்கம் நடந்தன. தோப்பை ஒட்டி யாருடையதோ கேழ்வரகு பச்சைப் பசேலென்று நின்றது.

"இன்னாய்யா, பூட்டச் சொன்னா அவுத்து வுடறே" என்று டிரைவர் கத்தினான்.

"மாடு தண்ணி குடிக்கணும்."

"இப்பதான குடிச்சுது."

"இன்னும் குடிக்கும்" என்றேன். டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு படியில் நின்று என்னையே பார்த்தார். திரும்ப உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

உங்கள் அம்மா ஜீப்புக்குப் பயப்படுவாள். அடுத்தவன் பயிரில் நம் மாடு வாய் வைப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான் நினைத்தபடியே தோப்புக்குள்ளிருந்து "ஏ செவலோய்" என்று குரல் வந்தது. காளை தலையைத் தூக்கியது. இடுப்பில் சின்னவளோடு அவள் ஓடி வந்து செவலையின் கயிற்றைப் பிடித்தாள். நான் போய் மயிலையைப் பிடித்தேன்.

"கண்ணு அவிஞ்சிப் போச்சா உங்களுக்கு? மாட்ட வுட்டுட்டு யார வேடிக்கை பாத்துக்கினு கீறீங்க?"

"உன்னத்தான்."

"என்ன இன்னாத்துக்கு?"

"டாக்டரம்மா இன்னும் போகல. நீ வந்து காட்டினாத்தான் மாட்டப் பூட்டுவேன்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஜீப்பைத் திரும்பிப் பார்த்தாள். டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஐயோ, அவங்கள நிறுத்தியா வெச்சிக் கீறீங்க? பட்டணத்துல இருந்து வந்தவங்க, நாஷ்டா துன்னாங்களோ இல்லியோ. இதுக்குப் போயா? பால் கட்டிதாங்க இது."

"அத அவங்க சொல்லட்டும்."

"ஊரே போயி வந்துச்சு. கடைசியா நான் போனா, எனக்கு என்னமோ கீதுன்னு தான பேசிக்குவாங்க?"

"பேசினா பேசட்டும். நீ போகலன்னா மயிலைய நான் பூட்டமாட்டேன். அதையும் நீயே பிடி, நான் இங்கியே குந்திக்கிறேன்" என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

சின்னவளை என் மடியில் போட்டாள். "நான் போயி ஒன்னியும் இல்லன்னு சொல்லி அவங்கள அனுப்பி வுடறேன்" என்று சொல்லிவிட்டு விடுவிடு என்று நடந்தாள். உங்கள் அம்மா பள்ளிக்கூடத்து அறைக்குள் போனது அப்படித்தான்.

மற்றவர்கள் போன கையோடு வந்தார்கள். இவள் வரவில்லை. மாட்டைக் கொண்டுவந்து பூட்டினேன். சின்னவள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று மண்ணைத் தின்றாள். அதைத் துடைத்துவிட்டேன். பிறகும் வரவில்லை. நர்ஸம்மா ஒருதடவை வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

வெளியே வந்தவள் என் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னாள். "பால் கட்டின்னு சொன்னேன். அந்தம்மா கைய எடுக்கவே இல்ல அந்த எடத்துல இருந்து."

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். இந்த வாரமே மெட்ராசுக்கு வரவேண்டும். அறுவடை முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று சொல்லக்கூடாது. ஊசி வைத்துக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள், அப்புறம்தான் நிச்சயமாகச் சொல்லமுடியும். அது புற்றுநோயாகவே இருந்தாலும் சின்னதாக இருக்கிறது, நேரத்தோடு பார்த்துவிட்டோம். இனிமேல் பூவும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம்.

ஜீப்பை அக்கரை சேர்த்து நான் கயிற்றை அவிழ்க்கும்போது அவர் தலையை வெளியே நீட்டினார். "உங்க மாடு ரொம்பத் தண்ணி குடிக்குதுங்க" என்றார். சிரிக்காமல் சொன்னார். பிறகு, "கூட்டிட்டு வந்துடுங்க" என்றார்.

அந்த வாரமே போனோம். ஊசி வைத்துப் பார்த்தார்கள். அந்த நோய்தான். மார்பை எடுத்துவிடவேண்டும், பிறகு அந்த இடத்தில் கதிர் பாய்ச்சிக் கரண்ட் வைக்கவேண்டும் என்றார்கள். கூட இருக்க ஒரு பெண் வேண்டும் என்றதும், கோடி வீட்டு அண்ணி ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள், தன் கோழிகளை யார் பார்ப்பார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. நான் ஊருக்கும் மெட்ராசுக்குமாக உத்திரமேரூர் பஸ்ஸில் அலைந்தேன்.

பெண்கள் வார்டு மாடியில். ஆம்பிளைகளைச் சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் விடுவார்கள். மணி அடித்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள். நான் ரோட்டைக் கடந்து எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றுகொள்வேன். மாடித் தாழ்வாரத்தில் கம்பி போட்டிருக்கும். அத்தனை பெண்களும் ஒரே மாதிரி ஆஸ்பத்திரி உடுப்பில். எவள் என் பெண்சாதி என்று எனக்குத் தெரியாது. ஊரில் ஒரு பர்லாங்கு தள்ளி நடந்தாலும் நடையை வைத்தே சொல்லிவிடுவேன். அங்கே சொல்ல முடியவில்லை. எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார்கள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரைக்கும் நிற்பேன்.

ஆபரேஷன் முடிந்து நான் முதலில் பார்த்தபோது போர்வையைக் கழுத்துவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

"எடுத்துட்டாங்க" என்றாள்.

"சரி."

"சரின்னா?"

"நீ கீற இல்ல."

அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தப் பக்கமாகவே பார்த்துக்கொண்டு, "சின்னது துன்னுதா?" என்று கேட்டாள். துன்னுது என்றேன். "என்னத் தேடுதா?" என்றாள். இல்லை என்று சொன்னால் அவளுக்கு வருத்தம், ஆமாம் என்று சொன்னாலும் வருத்தம். "செவல தேடுது" என்றேன். அண்ணி தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். உங்கள் அம்மாவின் தோள் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

சின்னவளே, நீ தேடினாய். அதைத்தான் உனக்குச் சொல்லவேண்டும் என்று இதை எழுதுகிறேன். அம்மாவின் பழைய புடவையைக் கொடுத்தால்தான் தூங்குவாய். சாயங்காலமானால் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டுவாய். நான் களி கிண்டினால் கட்டி கட்டியாக வரும். தம்பி தட்டைப் பார்த்துவிட்டு, "நைனா, இத்த உருட்டி வெச்சா கோலி ஆடலாம்" என்பான். பெரியவள் தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்து பேசாமல் வைப்பாள். எல்லாம் நடந்தது. கழனி காயவில்லை, மாடு பட்டினி கிடக்கவில்லை. ஆனால் மத்தியான வெயிலில் ஏர் ஓட்டும்போது வரப்புப் பக்கம் என் காது தானாகவே போகும். கூழ் கொண்டுவந்து பெரியவள் "நைனா" என்று கூப்பிடுவாள். செவலை தலையைத் தூக்காது. நான் மட்டும் தூக்குவேன். அவ்வளவு நாள் கூடவே இருந்தும் அவள் குரலை நான் ஒரு நாளும் கவனித்துக் கேட்டதில்லை என்று தோன்றும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம், வரப்பில் நின்று அவள் ஒரு தடவை மாட்டைக் கூப்பிடட்டும் என்று இருக்கும்.

கரண்ட் வைத்து முடித்து அனுப்பியபோது ஆனி பிறந்திருந்தது. பாதி ஆளாக வந்து இறங்கினாள். நீ அவளைப் பார்த்துவிட்டு என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். அதற்கு அவள் அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து உன்னைப் பார்க்காத மாதிரி இருந்தாள். நீயாக வந்து அவள் மடியில் ஏறியபோது இருட்டிவிட்டது.

அவளுடைய இடது கை தோளுக்கு மேலே எழவில்லை. சுவரைப் பார்த்து நின்று விரல்களைப் பல்லிபோல மேலே மேலே நடத்தவேண்டும் என்று நர்ஸம்மா சொல்லிக்கொடுத்திருந்தார். தினமும் காலையில் பின்சுவரில் அதைச் செய்வாள். எட்டிய இடத்தில் கரியால் ஒரு கோடு. தம்பி அது யாரோ வளர்கிற கணக்கு என்று நினைத்து, தானும் போய் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். இலவம்பஞ்சு வைத்துச் சின்னதாக ஒன்று தைத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கு முன்னால் அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் உடுப்பு மாற்றியதில்லை. நான் கேட்டதும் இல்லை. பிள்ளைகளுக்கு எழுதுகிற விஷயம் இல்லை இது. ஆனால் அவள் கூடவே இருக்கும்போதும் அவளுக்காக நான் ஏங்கியது உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அதன் பிறகு அவள் பல வருஷம் இருந்தாள். அந்த நோய் திரும்ப வரவில்லை. பெரியவள் கழுத்தில் தாலி ஏறியதைப் பார்த்தாள். தம்பி மீசை வைத்துக்கொண்டு திரிந்ததைப் பார்த்துத் திட்டினாள். சின்னவளை உத்திரமேரூர் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். கடைசியில் போனது நெஞ்சு வலியில், கழனியிலிருந்து வந்து உட்கார்ந்த இடத்தில். அந்த ஜீப் மணலில் புதையாமல் நேராக ஊருக்குள் வந்திருந்தால் அந்த வருஷங்கள் எனக்குக் கிடைத்திருக்காது.

பெரியவளே, சின்னவளே, உங்களுக்கு வேலை இருக்கும், பிள்ளைகள் இருக்கும். வலி இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். குளிக்கும்போது தடவிப் பாருங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் போய்க் காட்டுங்கள். அம்மாவுக்கு வந்தது என்று அவரிடம் சொல்லுங்கள், அதை மறைக்கவேண்டியதில்லை. தம்பி, நீ உன் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு போ. அவள் வரமாட்டேன் என்றால் கூட்டிப்போக ஒரு வழியை நீதான் கண்டுபிடிக்கவேண்டும்.

உங்கள் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த மறுநாள் பெரியவளும் தம்பியும் பள்ளிக்கூடம் போய்விட்டீர்கள். அவள் சின்னவளை அணைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். நான் கொல்லைப்புறம் போனேன். துணி காயப்போடும் கொடி, முருங்கை மரத்துக்கும் மாட்டுக்கொட்டகைத் தூணுக்கும் நடுவில் உயரமாகக் கட்டியிருந்தது. அதன் கீழே போய் நின்று என் இடது கையைத் தூக்கினேன். அவளால் எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவுதான் தூக்கினேன், தோள்வரைக்கும். அந்த இடத்தை மரத்தில் நகத்தால் கீறி வைத்துக்கொண்டேன். அவள் என்னைவிடக் குள்ளம் என்பது ஞாபகம் வந்து, கீறலுக்கு ஒரு சாண் கீழே இறக்கிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன். தூணிலும் அதே உயரத்தில் கட்டினேன். வாளியில் நனைந்து கிடந்த அவளுடைய புடவையைப் பிழிந்து அதில் உலர்த்தினேன். தலைப்பு தரையைத் தொட்டது. இரண்டாக மடித்துப் போட்டேன். பிறகு தலையைக் குனிந்து, கொடிக்குக் கீழே நுழைந்து, கழனிக்குப் போனேன்.